மரத்தொட்டிலின் மூட்டைப்பூச்சிகள்

என் மகளின் கன்னத்தில் முதல் தடிப்பு தெரிந்த காலையில், அதற்கு முந்தின நாள் நான் சாளை மீன் குழம்பு ஊற்றிச் சோறு தின்றிருந்தேன். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தது என் மாமியார். அப்படிச் சேர்ப்பதில் பிழை இருக்கக்கூடும் என்று அன்று எனக்கும் தோன்றவில்லை.

"ஏட்டி, நேத்து சாளை எத்தன தின்ன?"

"ரெண்டு மாமி."

"ரெண்டுன்னு சொல்லுவா. சட்டியில நான் பாத்தேன். பிள்ளைக்க மூஞ்சியப் பாரு, பழுத்த கொல்லாம்பழம் மாதிரி செவந்து கெடக்கு."

நான் கோட்டாற்றுக்காரி. கல்யாணம் முடிந்து அருமனைப் பக்கம் வந்தவள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் நிற்கிறது. அத்தானுக்கு, அதாவது என் கணவருக்கு, மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு மின்சாமான் கடை. பிள்ளை பிறக்கும்வரை நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். விலங்கியல் படித்தவள் என்பதால் வீட்டில் பல்லி விழுந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் பால் கொடுக்கும் பெண் என்ன தின்ன வேண்டும் என்பதில் என் படிப்புக்கு இடமில்லை. அது வீட்டின் பொது விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போனால் சபையில் பக்கத்து வரிசையில் உட்காருகிறவர்கள்கூட அதில் கருத்துச் சொல்வார்கள்.

சாளை போயிற்று. நெத்திலியும் போயிற்று. தடிப்பு போகவில்லை. கையில் வந்தது, முழங்காலுக்குக் கீழே வந்தது. சில நாள் ஒன்று, சில நாள் மூன்று வரிசையாக. முட்டையை நிறுத்தினேன். அடுத்து மாட்டிறைச்சி. பலாப்பழக் காலம் அது. வீடெல்லாம் பழம் மணத்துக் கிடக்க, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுக்களையைக் கடந்து போனேன். ஒரு கட்டத்தில் மரச்சீனிக் கிழங்கு சூடு என்றும் பயறு வாயு என்றும் சொல்லப்பட்டு, சோறும் ரசமும் வாட்டிய பப்படமும் மட்டும் மிஞ்சின. பிறகு பப்படத்தில் காரம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

என் அம்மா கோட்டாற்றிலிருந்து ஃபோனில் கத்துவாள். "தின்னாமக் கெடந்தா பாலு எங்கேருந்துட்டி வரும்? கொழாயிலயா வரும்?" அம்மா சொல்வது சரி என்று தோன்றும். ஃபோனை வைத்ததும் மாமி சொல்வது சரி என்று தோன்றும். பிள்ளையின் காலில் இருக்கும் தடிப்பைப் பார்த்தால் இருவருமே எனக்கு முக்கியமில்லாமல் போய்விடுவார்கள். நான் எதையோ தின்றதால் அவளுக்கு அரிக்கிறது என்ற ஒன்று மட்டும் நிற்கும். இருந்தது களைப்பு. படிக்கட்டில் ஏறினால் கண் இருட்டும் களைப்பு. பால் குறைந்துகொண்டே வந்தது. அவள் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு அழுவாள்.

இடையில் சித்தி மகளுக்குக் கல்யாணம் வந்து, கோட்டாற்று வீட்டில் சில நாள் தங்கினேன். அம்மா என்னைக் கேட்காமலே அயலை பொரித்துத் தட்டில் வைத்தாள். நான் தின்றேன். திருட்டுத்தனமாக, கதவைப் பார்த்துக்கொண்டு, ஆனால் முள்ளை உறிஞ்சும் வரைக்கும் தின்றேன். பிள்ளையின் தோல் தெளிந்துகொண்டு வந்தது. கன்னம் பழையபடி ஆயிற்று. பஸ் ஏறி அருமனைக்குத் திரும்பிய மறுநாளே முதுகில் ஐந்தாறு தடிப்பு.

விலங்கியல் படித்தவளுக்கு இது போதும். மீன் தின்ற இடத்தில் தடிப்பு இல்லை, தின்னாத இடத்தில் தடிப்பு என்றால், மாறியது மீன் அல்ல, இடம். இதைப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் சொல்லிவிடும். எனக்குச் சொல்ல வரவில்லை. மாமி சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அங்க போயி மீனு தின்னியா இல்லியா? எனக்கத் தலையில அடிச்சுச் சொல்லு."

"தின்னேன் மாமி."

"பின்ன? மீனுக்க வெஷம் உடனே காட்டாது கேட்டியா. பாலுல எறங்கி, பிள்ளைக்க ரெத்தத்துல கலந்து, பைய வெளிய வரும்."

எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை இன்று எழுதும்போதும் எனக்குச் சலிப்பாக இருக்கிறது.

மருத்துவமனையில் டாக்டர் பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வாமையாக இருக்கலாம், பூச்சிக்கடியாகவும் இருக்கலாம், வீட்டில் கொசு உண்டா என்று கேட்டார். எங்கள் பக்கம் கொசு இல்லாத வீடு எது? வலை போடுகிறோம் என்று மாமி சொன்னார். பூசுவதற்கு ஒரு களிம்பு எழுதினார். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றுதான் அவர் சொன்னதாக எனக்கு நினைவு. பால் போதவில்லை என்றால் மாவுப் பாலும் சேர்த்துக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில், ஜீப்பின் குலுக்கலில், மாமியின் வாயில் அந்த வாக்கியம் சுருங்கி, "டாக்டரே டின்னு பாலு குடுக்கச் சொல்லிட்டாரு" என்று ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை. டாக்டர் சொன்னது எதுவென்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்டது. வெயில் என்பதே இல்லை. ரப்பர் பால் வெட்டும் நின்றுபோயிருந்தது. மழையில் மரப்பட்டையைக் கீறினால் பாலோடு தண்ணீர் கலந்து வீணாகும். வீட்டுக்குள் துணிகள் காயாமல் தொங்க, ஈர மணத்துக்கு நடுவில் டின் பால் வந்தது. பிள்ளை முதலில் துப்பினாள், பிறகு குடித்தாள். வயிறு நிறைந்து தூங்கினாள். அவள் நிறைந்த வயிற்றைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியும் அவமானமும் சேர்ந்து வந்தன.

இரண்டும் மாறி மாறிக் கொடுப்பதில் பயனில்லை, கெட்ட பாலை முழுக்க நிறுத்தினால்தான் தெரியும் என்று மாமி முடிவு செய்தார். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். எங்கள் சபையில் பெண்கள் பூ வைப்பதில்லை. என் கல்யாணத்தன்றுகூட என் தலையில் பூ இல்லை. அந்த வீட்டுக்குள் முதன்முதலாகப் பிச்சிப்பூ வந்தது என் பாலை நிறுத்துவதற்காக. வாழையிலைப் பொட்டலத்தை அத்தான் மார்த்தாண்டத்திலிருந்து ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார்.

"யாராவது பாத்தாவளா?" மாமி கேட்டார்.

"பாத்தா என்ன? எனக்குக் கூட்டாளி ஒருத்தி உண்டுன்னு நெனச்சிருப்பானுவ."

"சீ, போலே."

மாமி என் மார்பைச் சுற்றி அவர் தோளில் போடும் பழைய நேரியதைக் கிழித்துப் பூவை வைத்து இறுக்கிக் கட்டினார். அவர் கைகள் மெதுவாகத்தான் இருந்தன. "நோவுதா மக்கா?" என்று கேட்டார். கொடுமைக்காரியாக இருந்திருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவருக்கும் பிள்ளையை நினைத்துத் தூக்கமில்லை. அதனால்தான் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மதியம். மழை இருட்டில் அறைக்குள் விளக்கைப் போட வேண்டியிருந்தது. மாமி பின்கட்டில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை தொட்டிலில் தூங்கினாள்.

அந்தத் தொட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அயனி மரத்தில் கடைந்த கால்கள், கம்பி கம்பியாக மரச் சட்டங்கள். அத்தான் அதில் கிடந்து வளர்ந்தவர். அத்தானின் அக்கா, என் மைனி, அவளது பிள்ளைகளும் அதில் கிடந்தார்கள். குடும்பத்தில் எங்கே பிள்ளை பிறந்தாலும் தொட்டில் அங்கே போகும். எங்கள் வீட்டின் ராசி அது. புதுத் தொட்டில் வாங்குவது ராசியைத் தட்டிவிடுவதற்குச் சமம். நான் பிரசவம் முடிந்து அம்மா வீட்டிலிருந்து வரும் முன்னே, புதுக்கடை என்ற ஊரில் மைனி குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து அது வந்து சேர்ந்திருந்தது. மாமி அதற்கு வார்னிஷ் அடித்து, மைனி கொடுத்த இலவம்பஞ்சு மெத்தைக்குப் புது உறை தைத்து வைத்திருந்தார். பளபளவென்று இருந்தது.

குனிந்து பார்த்தேன். அவள் காதுக்குப் பக்கத்தில், வெள்ளை விரிப்பில், சின்னதாக ஒன்று நடந்தது. உளுந்தை நசுக்கித் தட்டையாக்கியது போன்ற ஒன்று. பழுப்பு நிறம். பின்பகுதி மட்டும் பருத்துச் சிவந்திருந்தது. அவசரப்படாமல், வயிறு நிறைந்த நடையில், விரிப்பின் ஓரத்தைப் பார்த்துப் போனது.

விரலால் அழுத்தினேன். இரத்தம். அதோடு ஒரு மணம் எழுந்தது, பச்சைக் கொத்தமல்லியை அழுகவிட்டுக் கசக்கினாற்போல. என் மார்பில் வாடிக்கொண்டிருந்த பிச்சி மணத்தையும் மீறி வந்தது.

கல்லூரியில் கண்ணாடிச் சில்லில் ஒட்டிய மூட்டைப்பூச்சியைப் பார்த்து வரைந்திருக்கிறேன். தலை, மார்பு, வயிறு என்று அம்புக்குறி போட்டிருக்கிறேன். உயிரோடு ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. விரல் நுனியில் இருந்தது என் மகளின் இரத்தம் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. சோறும் ரசமும் தின்று நான் சுரந்த பால் அது. கெட்டது என்று கட்டிவைத்த பால்.

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மெத்தையைத் தூக்கினேன். சட்டங்கள் காலில் சேரும் மூட்டுகளில், வார்னிஷ் எட்டாத அடிப்பக்கத்தில், அவை இருந்தன. பெரியவை ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒளிந்திருந்தன. சின்னவை வைக்கோல் நிறத்தில், உள்ளே தெரியும்படி. மைப்புள்ளி வைத்ததுபோல் எச்சம். நொய்யரிசியைவிடச் சிறிய வெள்ளை முட்டைகள் மரத்தோடு பசைபோட்டு ஒட்டியிருந்தன. உமிபோன்ற தோல்களும் கிடந்தன. அந்தத் தோல்களை நான் பல நாள் தொட்டிலுக்கு அடியிலிருந்து கூட்டி வாரியிருக்கிறேன், பஞ்சுக்கொட்டையின் தொலி என்று நினைத்து.

அன்று அங்கேயே நின்று ஃபோனில் படிக்கத் தொடங்கினேன். பிறகும் பல நாள் படித்தேன். பரீட்சைக்குப் படித்ததைவிட ஊன்றிப் படித்தேன். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு இரத்தத்தைத் தவிர வேறு ஆகாரமே கிடையாது. அது வளர்வதற்கு ஐந்து முறை தோல் உரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உரிப்பதற்கு முன்னால் ஒரு வயிறு இரத்தம் குடித்தாக வேண்டும். குடிக்காவிட்டால் வளராது, ஆனால் சாகவும் சாகாது. மாதக்கணக்கில் அப்படியே காத்துக் கிடக்கும். நம் உடம்பின் சூட்டையும் நாம் விடும் மூச்சையும் பிடித்துக்கொண்டு வரும். குத்துவது தெரியாமலிருக்க மரத்துப்போகச் செய்யும் ஒன்றும், இரத்தம் உறையாமலிருக்க ஒன்றும் அதன் எச்சிலில் இருக்கின்றன. சில நிமிடங்களில் குடித்து முடித்துவிட்டு இடுக்குக்குத் திரும்பும். அந்த எச்சில் சிலர் தோலில் தடிக்கும், சிலர் தோலில் ஒன்றும் காட்டாது.

இன்னொன்றும் படித்தேன். ஆண் பூச்சி பெண்ணின் வயிற்றைக் குத்திக் கிழித்துத்தான் சேர்கிறதாம். மறுபடி மறுபடி குத்துப்பட்ட பெண் கூட்டத்தை விட்டு விலகி, வேறு இடுக்கு தேடித் தனியே போய் முட்டையிடும். அப்படி விலகிப் போகும் ஒரே ஒரு பெண் போதும், ஒரு புது வீடு முழுக்க நிறைய. பிரசவத்தில் கிழித்துத் தையல் போட்ட வயிற்றோடு தொட்டிலோரம் நின்று இதைப் படித்தேன். ஒரு கணம் அதன்மேல் இரக்கம்கூட வந்தது. பிறகு பிள்ளையின் முதுகைப் பார்த்தேன், போய்விட்டது.

ஒரு பூச்சியைக் கண்ணாடி டம்ளருக்குள் பிடித்து மாமியிடம் கொண்டுபோனேன்.

"மாமி, இது தொட்டிலுக்குள்ள இருக்கு. நெறைய இருக்கு."

மாமி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. "இது வண்டு."

"மூட்டப்பூச்சி மாமி."

"மூட்டப்பூச்சி லாட்ஜுல இருக்கும். சினிமாக் கொட்டகையில இருக்கும். காலையும் சாயங்காலமும் ஜெபம் பண்ணுத வீட்டுல எங்கேருந்துட்டி வரும்?"

"ஜெபம் பண்ணுததுக்கும் இதுக்கும் என்ன மாமி? ரெத்தம் இருக்குத எடத்துக்கு வரும்."

"அப்ப நான் வீட்டத் தூத்து வாராமக் கெடக்கேன்னு சொல்லுதியா?"

அங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. என் பாலில் கோளாறு என்றால் அது கோட்டாற்றிலிருந்து வந்த ஒருத்தியின் உடம்புக் கோளாறு. பூ கட்டினால் தீர்ந்துவிடும். தொட்டிலில் பூச்சி என்றால் அது வீட்டின் கோளாறு, மைனியின் கோளாறு, ராசியின் கோளாறு. மாமி பொய் சொல்லவில்லை. அவருக்கு முதல் கோளாறுதான் தாங்கக்கூடியதாக இருந்தது.

நான் சண்டை போடவில்லை. எனக்குச் சண்டை போட வலுவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கட்டை அவிழ்த்தேன். பூக்கள் பழுப்பாகி, நசுங்கி, தோலில் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தேன். மார்பு முன்போல் கனக்கவில்லை. பிள்ளையை வைத்துப் பார்த்தேன். நாலு இழுப்பு இழுத்தாள், தலையைத் திருப்பிக்கொண்டு பாட்டிலைத் தேடி அழுதாள். சந்தேகம் திரும்பவும் வந்தது. பூச்சியும் இருக்கலாம், பாலும் கெட்டதாக இருக்கலாம். இரண்டும் ஏன் இருக்கக்கூடாது?

சாயங்காலம் அத்தான் வந்ததும் டம்ளரைக் காட்டினேன். எங்கள் கட்டிலைத் திருப்பினோம். தலைமாட்டுப் பலகையின் இடுக்கிலும் இருந்தன.

"இத்தன நாளும் என்னையும் கடிச்சிருக்குமோ?" அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு இல்லை.

"கடிச்சிருக்கும். சில பேருக்குத் தடிக்காது."

"அப்ப நான்தான் இதுகளுக்கு ஓசியில சோறு போட்டு வளத்திருக்கேன். ஒரு நன்றி இல்லியே." சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "செரி. நீ பிள்ளையைக் கூட்டிட்டு ஒனக்க அம்மைக்க வீட்டுக்குப் போ. அறையப் பூட்டிப் போடுவோம். பட்டினி கெடந்து சாவட்டும்."

"சாவாது. மாசக்கணக்குல கெடக்கும். எனக்கப் பைத் தையலுக்குள்ள ஒண்ணு இருந்தா கோட்டாறும் சேந்து போச்சு."

மருந்தடிப்பதற்கு எனக்குப் பயம். பிள்ளை வாயில் சட்டத்தை வைத்துச் சப்புகிற தொட்டில் அது. வெயிலில் போடலாம் என்றால் வெயில் இல்லை. கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் மெத்தை காயாது. சூடு மட்டும் போதும், நல்ல சூடு சில மணி நேரம் உள்ளே வரைக்கும் இறங்கினால் முட்டையும் சேர்ந்து சாகும் என்று படித்ததைச் சொன்னேன். எவ்வளவு சூடு என்று கேட்டார். ஐம்பது டிகிரிக்கு மேல் என்றேன். அவர் ஜன்னல் வழியே பின்பக்கம் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் தோன்றியது. இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்தோம்.

ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரை அது. குளியலறை அளவில் ஒரு செங்கல் அறை. வெளியே அடுப்புக்குழி, உள்ளே மூங்கில் கம்புகள். வெட்டு இல்லாததால் காலியாகக் கிடந்தது.

மாமி கேட்டதும் வாசலை மறித்து நின்றுவிட்டார். தொட்டிலை நெருப்பில் வைப்பதா என்பதல்ல அவர் கவலை.

"மழையில வெட்டு இல்லன்னு ஊருக்கே தெரியும். புகைப்புரையில புகை வந்தா கேக்க மாட்டாவளா? என்ன சொல்லுவேன்? மூட்டப்பூச்சி அவிக்கேன்னு சொல்லவா?"

"அம்மா, பிள்ளைக்க ரெத்தத்த இன்னும் குடிக்கட்டுமா?" அத்தான் குரலை உயர்த்தவில்லை.

மாமி விலகினார். விலகியவர், தொட்டிலைத் தூக்கும்போது ஒரு காலைத் தானே பிடித்தார்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் ரப்பர் விறகும் தேங்காய்த் தொண்டும் வைத்துத் தீ மூட்டினோம். தொட்டில், மெத்தை, எங்கள் மெத்தை, கட்டில் பலகை, தலையணைகள் எல்லாம் உள்ளே. புகை கூரை ஓட்டு வழியாகக் கிளம்பி, ஈரக் காற்றில் மேலே போகாமல், மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டு முற்றத்துக்கு நேராகப் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு மேல் அந்த வீட்டு அக்காவின் தலை தெரிந்தது.

"என்னக்கா, மழையில ஷீட்டு போட்டிருக்கிய?"

"இல்ல, வெறகு ஈரமாப் போச்சு. உலத்துதோம்," மாமி சொன்னார்.

"வெறகு உலத்த வெறகு எரிக்கியளா?"

நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அக்கா பிள்ளையின் காலைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். "ஓ," என்றார். பிறகு குரலைத் தணித்து, "எங்க வீட்டுலயும் வந்திச்சி, இவரு கல்ஃபுலேருந்து பெட்டி கொண்டுவந்த வருசம். யாருட்டயும் சொல்லப்பிடாது கேட்டியா. புகை அடங்கினா சொல்லுங்க. எனக்க மெத்தையும் ஒண்ணு இருக்கு," என்றார்.

மாமி சிரித்துவிட்டார். அந்த மழைக்காலத்தில் அவர் சிரித்து நான் கண்டது அப்போதுதான்.

மாலையில் திறந்தபோது தரையில் உதிர்ந்து கிடந்தன. மூட்டுகளைச் சுரண்டினோம். முட்டைகள் சுருங்கி உதிர்ந்தன. தொட்டிலின் வார்னிஷ் கொப்பளித்துக் கறுத்துவிட்டது. அன்றிலிருந்து அதில் படுத்து எழும் பிள்ளையின் தலையில் கருவாட்டுப் புகை மாதிரி ஒரு மணம்.

தடிப்புகள் குறைந்தன. ஒருநாள் மாமி எனக்கு உலுவாக் கஞ்சி வைத்தார். வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சுகிற கஞ்சி; பால் ஊறுவதற்குக் கொடுப்பது. கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பாலு கெட்டதுன்னு நான் சொல்லல்ல. டாக்டருதான் சொன்னாரு," என்றார்.

டாக்டரும் சொல்லவில்லை. நான் கஞ்சியைக் குடித்தேன்.

வற்ற வைத்ததைத் திரும்ப ஊற வைப்பது, பூச்சியைக் கொல்வதைவிடக் கடினமாக இருந்தது. பிள்ளைக்குப் பாட்டில் பழகிவிட்டது. பாட்டிலில் பால் தானாக வரும். என்னிடம் இழுக்க வேண்டும். வைத்தால் வளைந்து திமிறுவாள். நான் பாட்டிலைக் கொடுத்துவிடுவேன், பிறகு ஏன் கொடுத்தேன் என்று அழுவேன். அம்மா ஃபோனில், "விடாதட்டி, வச்சிட்டே இரு," என்பாள். பிள்ளை அரைத் தூக்கத்தில் இருக்கும்போது மட்டும் எதிர்ப்பில்லாமல் வாயில் எடுத்தாள். அந்த நேரங்களைப் பார்த்துக் காத்திருந்தேன். இடது பக்கம் கொஞ்சம் தேறியது. வலது பக்கம் தேறவே இல்லை. டின் பால் அடுக்களை அலமாரியில் இருக்கத்தான் செய்கிறது; தினமும் அதுவும் வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஒரு காலை. மழை விட்டிருந்தது. அவள் இடது பக்கம் குடித்துக்கொண்டிருந்தாள், இப்போதெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டே குடிக்கிறாள். அவள் காலைத் தடவிக்கொண்டிருந்த என் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே ஒரு தடிப்பு. புதியது.

நேற்று என்ன தின்றேன்?

அதுதான் முதலில் வந்தது. எல்லாம் தெரிந்த பிறகும், டம்ளரில் பிடித்துப் பார்த்த பிறகும். நேற்று மதியம் விளைமீன். இரவு முட்டை. என் சுண்டுவிரல் என்னைக் கேட்காமலே அவள் வாயோரத்துக்குப் போயிற்று. பிள்ளை குடிப்பதை நிறுத்த அப்படித்தான் விரலை நுழைத்துப் பிரிக்க வேண்டும். அவள் நிறுத்தாமல், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, இன்னும் பலமாக இழுத்தாள்.

விரலை எடுத்துக்கொண்டேன். கட்டில் பலகையில் எங்கோ தப்பிய ஒன்று இருக்கும், அல்லது கொசுவாக இருக்கும். அவள் குடித்து முடிக்கட்டும், பிறகு மெத்தையைத் தூக்கிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.